வேலை குவியும் காலத்தில் குழுவை நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஐந்து பேர் முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் அச்சகங்கள், ஜவுளிக்கடைகள், தணிக்கையாளர் அலுவலகங்கள், விருந்தினர் இல்லங்கள் ஆகியவற்றை நடத்துவோரும் மேற்பார்ப்போரும் சீசன் நெருங்கும்போது கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டிருக்கிறது. பெரிய நிறுவனத்தில் ஆட்களைக் கவனிப்பதற்கென்றே தனித் துறை இருக்கும். சிறிய இடத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே அந்தத் துறையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பழக்கமான தொழில் அச்சகம் என்பதால் எடுத்துக்காட்டுகளில் பல அங்கிருந்தே வருகின்றன.

எங்கள் இடத்தில் நெருக்கடி திடீரென்று வந்துவிடுகிறது. முன்கூட்டியே தயாராக முடியுமா?

உண்மையில் திடீரென்று வரும் நெருக்கடி மிகக் குறைவு. முகூர்த்த நாட்கள் பஞ்சாங்கத்தில் முன்னதாகவே அச்சாகிவிடுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் திருமணப் பத்திரிகை வேலை ஏறத்தாழ நின்றுபோகும் என்பதும், ஆவணி முகூர்த்தத்துக்குத் திருவந்திபுரத்தில் திருமணம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஆடி முடிவதற்குள்ளேயே அச்சகப் படியேறத் தொடங்கும் என்பதும் இத்தொழிலில் ஓராண்டு இருந்தவருக்கே தெரியும். அதே ஆடி மாதம் ஜவுளிக்கடைக்குத் தள்ளுபடிக் காலம். தணிக்கையாளர் அலுவலகத்தில் மாதந்தோறும் 11, 20 ஆகிய தேதிகள் ஜிஎஸ்டி படிவங்களுக்காக ஓடிவரும். அவற்றின் மேல் வரித் தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30-உம் நிதியாண்டு முடியும் மார்ச் 31-உம் வந்து உட்காரும். புதுச்சேரியின் ஒயிட் டவுன் பகுதி விருந்தினர் இல்லங்களுக்குச் சனி, ஞாயிறும் டிசம்பர் கடைசி வாரமும் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே, கடந்த ஆண்டின் பில் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு வாரமும் எத்தனை வேலை உள்ளே வந்தது, எத்தனை முடிந்து வெளியே போனது என்று இரண்டு பத்திகளில் எழுதிப் பாருங்கள். உள்ளே வந்தது வெளியே போனதைவிட எந்த வாரத்தில் முதன்முதலாக அதிகமாகிறதோ அந்த வாரமே நெருக்கடியின் தொடக்கம். குழு மூச்சுத்திணறுவது அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் விழித்துக்கொள்கிறவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். எந்திரத்தைச் சர்வீஸ் செய்வது, அட்டையும் மையும் வாங்கி வைப்பது, புதியவருக்கு வேலை கற்றுத் தருவது, யாருக்கு எப்போது லீவு என்று பேசி முடிப்பது ஆகிய அனைத்தையும் அந்த முதல் வாரத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். சீசன் தொடங்கிய பின் இவற்றில் எதற்கும் நேரம் கிடைக்காது.

எல்லா வேலையையும் உடனே தொடங்கிவிட்டால் எல்லாம் விரைவில் முடிந்துவிடாதா?

முடியாது. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன். ஏனெனில் நல்ல உழைப்பாளிகளைக் கொண்ட குழுக்களே இதில் அதிகமாகச் சிக்குகின்றன.

ஆவணி மாதத்து மாலை ஆறு மணிக்கு ஓர் அச்சகத்தில் நடப்பதைப் பாருங்கள். டிசைனரின் திரையில் பதினொரு பத்திரிகைகள் திறந்திருக்கின்றன. அவற்றில் ஏழு, புரூஃப் (அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி) பார்ப்பதற்காகப் பார்ட்டியின், அதாவது வாடிக்கையாளரின், வாட்ஸ்அப்பில் கிடக்கின்றன. ஒன்றில் பெண் வீட்டார் தாய்மாமன் பெயருக்குப் பின் படிப்பைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றொன்றில் முகூர்த்த நேரத்தை யார் உறுதிசெய்வது என்று இரண்டு வீட்டாருக்கும் இடையே இன்னும் பேச்சு நடக்கிறது. இன்னொன்றுக்கு அட்டையே வந்து சேரவில்லை. டிசைனர் மதியத்திலிருந்து தலைநிமிரவில்லை, தொலைபேசியும் ஓயவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் மெஷின் நின்றுகொண்டிருக்கிறது, மெஷின்மேன் சும்மா உட்கார்ந்திருக்கிறார், ஏனென்றால் ஒப்புதல் ஆன வேலை ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை.

இதை விளக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் அதை நிறுவிக் காட்டினார். கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடிந்து வெளியேறும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியேற ஆகும் சராசரி நாட்கள் கிடைக்கும். நாளுக்கு 12 வேலை முடிக்கும் இடத்தில் 60 வேலை திறந்திருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 5 நாள் கிடக்கும். 24 மட்டும் திறந்திருந்தால் 2 நாளில் வெளியேறும். குழுவின் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். கிடக்கும் நாட்கள் கூடக் கூட, "என் வேலை என்னவாயிற்று" என்று கேட்கும் அழைப்புகளும், எது எங்கே இருக்கிறது என்று தேடும் நேரமும் கூடும். அப்போது அந்த 12-உம் 10 ஆகும், பிறகு 9 ஆகும்.

எனவே ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இத்தனை வேலைக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஓர் எல்லை வையுங்கள். டிசைனருக்கு நான்கு என்றால் நான்குதான். ஒன்று ஒப்புதலாகி மெஷினுக்குப் போன பிறகுதான் ஐந்தாவது வேலையைத் திறக்க வேண்டும். மீதமுள்ளவை வரிசையில் காத்திருக்கட்டும். புரூஃபுக்கும் நேரம் குறியுங்கள்: இரவு எட்டு மணிக்குள் ஒப்புதல் வந்தால் நாளைக் காலை மெஷினில் ஏறும், வராவிட்டால் அந்த இடத்தில் அடுத்த வேலை ஏறும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே பார்ட்டியிடம் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுங்கள். முதல் வாரத்தில் இதற்கு எதிர்ப்பு இருக்கும். ஆனால் தங்கள் வேலை சொன்ன நாளில் கைக்கு வருவதைக் கண்டவர்கள் பிறகு கேள்வி கேட்பதில்லை.

எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனாலும் வரிசை குறையவில்லையே?

எல்லோரும் ஓடுவதில் பயனில்லை. எந்த ஓர் இடத்தில் வேலை தேங்குகிறதோ அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று, காந்தி வீதி சண்டே மார்க்கெட் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்போது, நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையைக் கவனியுங்கள். துணி எடுத்துக் காட்டுபவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பில் போடுபவர் ஒருவர் இருப்பார். மேற்பார்வையாளர் காட்டுபவர்களைப் பார்த்து "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். அவர்கள் சீக்கிரம் காட்டக் காட்ட, பில் மேசையில் கூட்டம் இன்னும் நெருக்கும்.

வரிசைகளைப் பற்றிய கணிதத்தை டென்மார்க் நாட்டின் ஏர்லாங் என்பவர் 1909-இல், தொலைபேசி இணைப்புகளுக்காகத் தொடங்கிவைத்தார். அதிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவைக் கடைக்காரர் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. ஆட்கள் ஒழுங்கின்றி வந்து சேரும் ஒற்றை மேசையில் ஒரு பில்லுக்குச் சராசரி 3 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அந்த மேசை தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையாக இருந்தால், வருபவர் சராசரியாக 12 நிமிடம் காத்திருப்பார். 90 சதவீதமானால் 27 நிமிடம். 95 சதவீதமானால் 57 நிமிடம். அதாவது 90 சதவீதத்துக்கு மேல் இன்னும் ஐந்து சதவீத ஓய்வைப் பறித்து வேலை வாங்கும்போது காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

இதனால் இரண்டு முடிவுகள் எடுக்கலாம். ஒன்று, கூடுதல் ஆளையோ கூடுதல் கணினியையோ அந்தத் தேங்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். துணி காட்டுபவர்களில் ஒருவருக்குச் சீசனுக்கு முன்பே பில் போடக் கற்றுக்கொடுத்திருந்தால் அன்றைக்கு அவர்தான் கடையைக் காப்பாற்றுவார். மற்றொன்று, யாரையும் நூறு சதவீதம் நிரப்பாதீர்கள். சும்மா நிற்பதுபோலத் தோன்றும் ஒருவர் இருக்கிறார் என்பதாலேயே மற்றவர்களின் வேலை தேங்காமல் ஓடுகிறது. முதலாளிகளுக்கு இதை ஏற்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

கூடுதல் நேரம் வேலை செய்யச் சொல்லலாமா? எத்தனை மணி நேரம் வரை?

இந்தக் கேள்வியைப் புதுச்சேரியில் கேட்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 8 மணி நேர வேலைக்காக இந்த ஊரின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா போன்றோர் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில், 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பின்னரே 8 மணி நேர வேலை நாள் இங்கே சட்டமாயிற்று. ஆகையால் இந்த வரம்பை யாரோ தாளில் எழுதிவைத்த எண் என்று இவ்வூரில் நினைக்க இடமில்லை.

சட்டத்தை முதலில் பார்ப்போம். கடலூருக்குப் பொருந்தும் தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது பொது விதி. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது, ஓ.டி.க்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். ஒரு மணி நேர இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021-இல் வந்தது. புதுச்சேரிக்கு 1964ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டிப்பு ஊதியம் வேண்டும் என்றே சொல்கின்றன. உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு நாள் வேலைதான்.

சட்டம் இருக்கட்டும், அதிக நேரம் வேலை வாங்கினால் அதிக வேலை நடக்குமா என்பதையும் பார்ப்போம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் அரசுக் குழு ஒன்று பதிவு செய்து வைத்திருந்தது. அந்தப் பதிவுகளை ஜான் பென்கவெல் என்ற பொருளியல் அறிஞர் 2014-இல் மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் கிடைக்கும் உற்பத்தி சரிகிறது என்றும், 70 மணி நேரம் உழைத்தவர்களின் மொத்த உற்பத்தி 56 மணி நேரம் உழைத்தவர்களுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்றும் அவர் கண்டார். 14 மணி நேரம் வீணாகிறது. வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லாதபோது உற்பத்தி குறைகிறது என்பதும் அதே பதிவுகளிலிருந்து தெரிந்தது.

என் கருத்தில் சீசனில் ஓ.டி.யைப் பயன்படுத்துவது தவறில்லை. அது எப்போது முடியும் என்று சொல்லாமல் பயன்படுத்துவதுதான் தவறு. "இந்த இரண்டு வாரம், திங்கள் முதல் புதன் வரை, நாளுக்கு இரண்டு மணி நேரம், விருப்பமுள்ளவர்கள்" என்று சொன்னால் மனிதர்கள் தங்கள் வீட்டையும் உடலையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்வார்கள். "முடியும்வரை இருங்கள்" என்று சொன்னால் மாலை நான்கு மணிக்கே வேலையை மெதுவாக்கிவிடுவார்கள், இரவு பத்து மணிவரை தாங்க வேண்டுமே என்பதற்காக.

இரவு முழுவதும் கண்விழித்து ஒரு பெரிய ஆர்டரை முடித்துவிட்டால்?

தவிருங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண் செயல்பாடு, இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடைய நிலைக்குச் சரிகிறது என்று டாசன், ரீட் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1997-இல் சோதித்துக் காட்டினர். நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு அந்த நிலையை அடைந்துவிடுகிறார். அவரைத்தான் கட்டிங் மெஷினின் பிளேடுக்கு முன் நிறுத்துகிறோம். பிறகு இருட்டில் கடலூர்ச் சாலையில் இருசக்கர வண்டியில் அனுப்பிவைக்கிறோம். எந்த ஆர்டரும் அதற்கு ஈடாகாது.

தற்காலிகமாகப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டால் போதாதா?

வேலையின் தன்மையைப் பொறுத்தது. கவரில் பத்திரிகையைப் போட்டு ஒட்டுவது, பார்சல் கட்டுவது, அறைகளில் விரிப்பு மாற்றுவது போன்றவற்றை ஒரு மணி நேரத்தில் கற்றுத் தரலாம். அவற்றுக்கு ஆள் சேர்த்தால் பயன் உடனே கிடைக்கும். கணக்கு எழுதுவது, பக்கம் வடிவமைப்பது, விருந்தினரின் முறையீட்டைத் தீர்ப்பது போன்றவற்றுக்குச் சீசன் நடுவே ஆளைச் சேர்த்தால், நன்றாக வேலை தெரிந்த ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுப் புதியவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கும். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய திட்டங்களை நடத்திய பிரெட்ரிக் புரூக்ஸ் 1975-இல் எழுதியது இதைத்தான். ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள் உண்டு. பத்துப் பேரானால் 45. சொன்னதையே திரும்பச் சொல்வதில் நாள் போய்விடும்.

தெரிந்தவர்கள் அவசரம் என்று வந்து நிற்கிறார்கள். மறுக்க முடியவில்லை.

சிறிய ஊரில் இது உண்மையான சிக்கல். வந்து நிற்பவர் பள்ளி நண்பராகவோ, கடை வாடகைக்குத் தந்தவராகவோ, முதலாளியின் மைத்துனராகவோ இருப்பார். அவருக்கு இல்லையென்று சொல்வதைவிட, ஏற்கெனவே கொடுத்த வாக்கை மீறுவது நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. அந்த மீறலின் சுமை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். அதுவரை திட்டமிட்டு வேலை செய்துகொண்டிருந்த பைண்டிங் ஆள் கையில் இருந்ததை வைத்துவிட்டு இதை எடுக்கிறார்; பிறகு விட்டதைத் தேடிப் பிடிக்கிறார்; சொன்ன நாளில் பத்திரிகை கிடைக்காத குடும்பத்தின் கோபத்தையும் முன் மேசையில் இருக்கும் பெண்தான் வாங்கிக்கொள்கிறார்.

நாளின் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள் என்பதே நான் சொல்லும் வழி. அவசர வேலைகள் அந்த இடத்துக்குள் மட்டும் வரட்டும். அந்த இடம் நிரம்பிவிட்டால் முதலாளியின் மைத்துனருக்கும் நாளை மறுநாள்தான். அவசரத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு என்று பலகையில் எழுதி வைப்பதும் உதவும். அந்தக் கூடுதலில் ஒரு பங்கு அவ்வேலையைச் செய்தவர்களுக்குப் போகிறது என்றால் இன்னும் நன்று. ஒரு வேலையை ஏற்பதா மறுப்பதா என்பதை ஒருவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். டிசைனரிடம் ஒருவரும் மெஷின்மேனிடம் ஒருவருமாகத் தனித்தனியே போய் வேலையை நுழைக்கும் இடத்தில் எந்தத் திட்டமும் நிற்காது. குழுவுக்கு மேற்பார்வையாளர் செய்யும் பெரிய உதவி இந்த மறுப்புகளைத் தானே ஏற்றுச் சொல்வதுதான்.

காலையில் கூட்டம் போட வேண்டுமா?

பத்து நிமிடம், நின்றபடி. இன்று எவை வெளியேற வேண்டும், எது எங்கே தடைபட்டிருக்கிறது, யாருக்கு யார் உதவி என்ற மூன்றை மட்டும் பேசினால் போதும். நேற்றைய தவறுகளை அங்கே எடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுவதும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. வேறு வழி இருக்கிறதா?

பாதி செய்யப்பட்ட ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். ஜிஎஸ்டி படிவத்தில் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவருக்கு வரும் ஒவ்வொரு மணியோசையும் அப்படி ஒரு தாவல்தான். காலை பத்து முதல் பன்னிரண்டு வரையிலும் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரையிலும் குழுவில் யாரும் எழுதக் கூடாது என்றும், அந்த நேரத்தில் வாடிக்கையாளர் அழைப்புகளை முறைவைத்து ஒருவர் மட்டும் எடுக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அவசரமானால் எழுந்து வந்து நேரில் சொல்லலாம். மற்றபடி வேலையின் நிலையைத் தெரிந்துகொள்ளச் சுவரில் மாட்டிய ஒரு வெள்ளைப் பலகை போதும்.

தவறுகள் அதிகமாகின்றன. கண்டித்தால்தான் சரியாகுமா?

நெருக்கடி நேரத் தவறுகளில் பெரும்பாலானவை அலட்சியத்தால் வருவதில்லை. முகூர்த்தத் தேதியும் கிழமையும் பொருந்தாமல் அச்சாகிவிட்ட பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள்: தேதியைப் பார்ட்டி மாற்றியிருப்பார், கிழமையை மாற்ற யாருக்கும் தோன்றியிருக்காது. அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன் தேதி, கிழமை, நேரம், மண்டபத்தின் பெயர், மணமக்கள் பெயர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யாத இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்ற ஒரே விதி இப்படிப்பட்டவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எல்லோர் முன்னிலையிலும் திட்டினால் நடப்பது வேறு: அடுத்த தவறு நடந்தவுடன் சொல்லப்படாது, பார்சல் கட்டிய பிறகு தெரியவரும். அடிக்க வேண்டிய ஆயிரமும் அடித்துக் கட்டிய பின் தெரியும் தவறுக்கும், புரூஃபில் தெரியும் தவறுக்கும் உள்ள செலவு வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். "அண்ணே, இதில் ஏதோ தவறு இருக்கிறது" என்று ஒரு பையன் பயமின்றி வந்து சொல்லும் நிலை எவ்வளவு மதிப்புள்ளது என்று விளங்கும்.

தேநீர், சாப்பாடு, வண்டி போன்றவற்றுக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. இவற்றைச் சில்லறைச் செலவு என்று ஒதுக்குவோர் தங்கள் குழுவின் நாளைக் கூர்ந்து பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

புதுச்சேரியில் வேலை செய்வோரில் பலர் பாகூர், கன்னியக்கோயில், கடலூர்ப் பக்கங்களிலிருந்து வருகிறார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். ஆனால் மாலையில் அரியாங்குப்பம் பக்கம் நெரிசல் பிடித்துக்கொண்டால் வீடு சேரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. பேருந்தை விட்டுவிட்டால் ஊருக்குள் போக ஷேர் ஆட்டோவும் கிடைக்காதே என்ற எண்ணத்துடன் இருப்பவரின் கண் ஏழரை மணியிலிருந்து கடிகாரத்தில்தான் இருக்கும்; அவர் செய்யும் வேலையில் அது தெரியும். ஓ.டி. உள்ள நாட்களில் ஒரு வேன் பேசி, பெண்களை வீட்டு வாசல்வரை இறக்கிவிட ஏற்பாடு செய்துவிட்டால், அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம் முழுமையான வேலை நேரமாகிவிடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நேரம் தவறாமை மிக முக்கியம். மதிய உணவை மூன்றரை மணிக்குச் சாப்பிட்டவர் ஐந்து மணிவரை நிதானத்தில் இருக்க மாட்டார். இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவு சாப்பிடும்போது மற்றது நிற்கட்டும். மாலை ஏழு மணிக்கு இட்லியோ சுண்டலோ கடையிலேயே வந்துவிட வேண்டும். ஒவ்வொருவராக வெளியே போய் வருவதில் அரை மணி நேரம் கரைந்துவிடும்.

சீசன் நடுவே லீவு கேட்டால் கொடுக்கலாமா?

முன்பே சொன்ன லீவைக் கட்டாயம் கொடுங்கள். சொந்தத் தங்கை திருமணத்துக்கு முதல் நாள் இரவுவரை மற்றவர்களின் பத்திரிகையை மடித்துக்கொண்டிருந்தவர் அதை ஒருநாளும் மறக்க மாட்டார். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் ஆகியவற்றில் யாருக்கு எது முக்கியம் என்று ஆண்டின் தொடக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டால், ஒருவரின் பண்டிகையில் மற்றவர் வேலை பார்த்துக்கொள்வது இவ்வூரில் எளிதாகவே அமைகிறது. திடீர் நோய்க்கும் சாவுக்கும் கேள்வியே கேட்காமல் அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு வேலையையும் குறைந்தது இருவர் அறிந்திருந்தால் ஒருவர் போவதால் எதுவும் நின்றுவிடாது. நின்றுவிடுகிறது என்றால் குறை லீவு கேட்டவரிடம் இல்லை.

நம் பகுதியில் சீசனும் புயல் காலமும் ஒன்றாக வருகின்றன. அதற்கு என்ன செய்வது?

தீபாவளியிலிருந்து புத்தாண்டுவரை வேலை குவியும் அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு நாட்காட்டி, டைரி வேலைகள் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஊரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாக்குக் கொடுக்கும் எந்தத் தேதியிலும் இரண்டு நாள் கூட்டியே சொல்லுங்கள். காகிதத்தையும் துணியையும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வையுங்கள். கணினிக் கோப்புகளின் நகல் ஒவ்வொரு மாலையும் வேறிடத்துக்குப் போக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் யாரையும் வரச் சொல்லாதீர்கள். அன்றைய ஊதியத்தைப் பிடிக்கவும் செய்யாதீர்கள். வீட்டுக் கூரை என்னவாகுமோ என்று கவலைப்படுபவரிடமிருந்து அன்று எந்த வேலையும் கிடைக்கப் போவதில்லை. மழை விட்டபின் முதலில் வந்து நிற்பவரும் அப்படி நடத்தப்பட்டவர்தான்.

போனஸ் கொடுத்தாலே ஊக்கம் வந்துவிடாதா?

போனஸ் உரிமை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், தகுதியுள்ளவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்பது சட்டம். அதைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்தால் துணி எடுக்கவும் ஊருக்குப் போகவும் பயன்படும். முதல் நாள் இரவு கொடுத்தால் அந்த இரண்டு வாரமும் குழுவில் வேறு பேச்சே இருக்காது. ஓ.டி. பணத்தையும் அந்தந்த வாரமே கணக்கிட்டு எழுதிக் காட்டிவிடுங்கள். பாராட்டைப் பொறுத்தவரை, "எல்லோரும் நன்றாகச் செய்தீர்கள்" என்பதைவிட, "நேற்று அந்த மண்டபத்தின் பெயரை நீங்கள் கவனித்ததால் ஆயிரம் அட்டை தப்பியது" என்று பெயர் சொல்லிச் சொல்வது மனத்தில் நிற்கும்.

சீசன் முடிந்த அடுத்த மாதமே நல்ல ஆட்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்களே, ஏன்?

அவர்கள் அந்த முடிவைச் சீசன் நடுவிலேயே எடுத்துவிட்டார்கள். கணக்கு முடித்துப் பணம் வாங்குவதற்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே நெருக்கடி தணிந்த முதல் வாரத்திலேயே, ஓய்வு நாளில் வந்து உழைத்தவர்களுக்கு மாற்று லீவு எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். அதன் பின் ஒவ்வொருவருடனும் தனியாகக் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வேலையில் உங்கள் நேரம் வீணாயிற்று, எந்த நாளில் உங்களுக்கு வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது என்ற இரண்டையும் நேராகக் கேளுங்கள். பதில் உடனே வராது. இளையவர்கள் "ஒன்றுமில்லை சார்" என்றுதான் தொடங்குவார்கள். சற்றுப் பொறுத்திருந்தால், லேமினேஷன் அறையில் காற்றாடி ஓடாதது, சம்பள நாள் இரண்டு முறை தள்ளிப்போனது, ஒரு பார்ட்டி தரக்குறைவாகப் பேசியபோது யாரும் வாய் திறக்காதது என்று ஒவ்வொன்றாக வரும். அவற்றில் மூன்றையாவது அடுத்த முகூர்த்தப் பருவத்துக்கு முன் சரிசெய்துவிட்டு, இது நீங்கள் சொன்னதால் செய்யப்பட்டது என்று சொன்னவரிடமே தெரிவித்துவிடுங்கள்.